மூன்றாவது மணி

அக்காவின் நிம்மதி இரண்டு டாலருக்குக் கிடைத்தது. எடிசன் நகரில் சேனாபதி நடத்தும் மளிகைக் கடை வாசலிலிருந்து சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அட்லாண்டிக் சிட்டிக்கு ஒரு பஸ். டிக்கெட் பன்னிரண்டு டாலர். போய் இறங்கினால் கேசினோக்காரனே பத்து டாலருக்கு நாற்பது குவார்ட்டர், அதாவது கால் டாலர் காசுகளைக் காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பனும் கிழித்துத் தருகிறான். கடல் காற்று, வெதுவெதுப்பான பஸ், வயிறு நிறையச் சாப்பாடு, எல்லாம் போக இரண்டே டாலர். கோபிச்செட்டிப்பாளையத்து நெல் மண்டியில் அப்பாவுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு இப்போது தம்பி வீட்டுக்கு வந்திருக்கும் நாகமணி, இப்படி ஒரு பேரத்தை விட்டுவிடுகிறவள் அல்ல. முதல் சனிக்கிழமை திரும்பி வந்தபோது கேசினோக்காரனுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"பாவம், இப்படி வாரிக் குடுத்தா அவன் எப்படிடா பொழைப்பான்?"

எப்படிப் பிழைக்கிறான் என்று அவள் தம்பி நஞ்சுண்டனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிழைப்பில்தான் இவன் வீட்டுத் தவணையும் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

நான்காவது சனிக்கிழமை சாயங்காலம், அவனுக்குக் காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை மேசைமேல் வைக்கவில்லை. மேசை விளிம்புக்கு ஒரு விரற்கடை வெளியே, வெறும் காற்றில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். டம்ளர் விழுந்து, உருண்டு, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் நின்றது. காப்பி அவன் காலுறைக்குள் சுட்டது. நாகமணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. வைத்தாயிற்று என்ற திருப்தியோடு சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவன் கவனிக்க ஆரம்பித்தான். விபூதி நெற்றியில் இல்லை, வகிட்டுக்குள் இருந்தது. செருப்பு, கால்மிதிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். குளியலறைக் கதவைத் தட்டுவதாக நினைத்துப் பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றாள். எல்லாமே கிட்டத்தட்டச் சரி. ஆனால் ஒரு நூல் தள்ளி. கண் டாக்டரிடம் அழைத்துப்போனான். இருபது வயதுக்காரியின் பார்வை என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். ஒன்பது வயது மகள் கயல்தான் அதைச் சரியாகச் சொன்னாள்.

"அத்தை டஸன்ட் லுக் அட் மீ, டாட். ஷி லுக்ஸ் அட் மை ஹேர்."

உண்மைதான். அக்கா பேசும்போது அவள் கண்கள் முகத்துக்கு வந்து, அதைத் தாண்டி, நெற்றிக்கு மேலே ஓரிடத்தில் நின்றன. அங்கே இன்னொருவன் உட்கார்ந்திருப்பது போல.

புதன்கிழமை அவள் அரிசி அளப்பதைக் கேட்டான். மண்டியில் அளக்கும்போது ஒன்று என்று சொல்லித் தொடங்குவதில்லை. முதல் படிக்கு 'லாபம்' என்பார்கள், பிறகுதான் ரெண்டு, மூணு. அமெரிக்கா வந்தும் அக்கா அதை விடவில்லை. நாலு பேருக்கு மூன்று டம்ளர். "லாபம்," அரிசி பாத்திரத்தில் விழும் சத்தம். "ரெண்டு," சத்தம். மூன்றாவது டம்ளர் உயர்ந்தது, சாய்ந்தது, பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே அரிசி தரையில் சிதறிய ஓசை மழை மாதிரிப் பரவியது. பிறகு அதே குரல், சலிக்காமல், "லாபம்." "ரெண்டு." மழை.

அவன் போய் அவள் கையைப் பிடித்தபோது அடுப்படி முழுக்க அரிசி.

"கொஞ்சத்துல தப்பிப் போச்சுடா சாமி," என்றாள் அவன் நெற்றிக்கு மேலே பார்த்து. "அங்க என்ற பேரு போட்ட மிஷின் ஒண்ணு இருக்குது. மணி படம். மணி, மணின்னு ரெண்டு வந்து நிக்கும். மூணாவது மணியும் வரும். ஒரு நூல் மேல, இல்லாட்டி ஒரு நூல் கீழ. என்னைத்தான் கூப்புடுது. இல்லாட்டி எதுக்கு அவ்வளவு கிட்ட வரணும்?"

மண்டியில் எல்லோரும் அவளை மணி என்றுதான் கூப்பிடுவார்கள். நஞ்சுண்டன் துடைப்பத்தைத் தேடிக்கொண்டு போனான். துடைப்பம் கண்ணெதிரேதான் இருந்தது.

அந்த மிஷினை அவனுக்குத் தெரியும். தராசு செய்கிற கம்பெனியில் வேலை என்று ஊருக்கு எழுதியிருந்தான். எட்டு வருஷமாக அந்தப் பொய் நன்றாக விலைபோனது. 'என் தம்பி அமெரிக்காவுக்கே தராசு பண்ணிக் குடுக்கறான்' என்று அக்கா மண்டிக்கு நெல் கொண்டு வருகிற சம்சாரிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் எட்டுப் பவுன் சங்கிலியில் இன்ஜினியரிங் படித்தவன், சூதாட்ட மிஷின் செய்கிறேன் என்று எந்த வாயால் எழுதுவான்?

அந்த மிஷினின் வம்சாவளியை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நூறு வருஷத்துக்கு முன்னால் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஜெர்மன் மெக்கானிக் இரும்புப் பெட்டிக்குள் மூன்று சக்கரங்களை வைத்தான். சக்கரத்துக்குப் பத்துப் படம்; மூன்று மணி ஒரே வரிசையில் நின்றால் ஐம்பது சென்ட் கொட்டும். ஆயிரத்தில் ஒரு தடவை. களவுதான், ஆனால் யோக்கியமான களவு. கண்ணாடியில் தெரிந்ததுதான் உள்ளேயும் இருந்தது. சூதாட்டம் கூடாது என்று சட்டம் வந்தபோது மிஷின் சூயிங்கம் விற்கிற வேஷம் போட்டது. செர்ரியும் பிளம்ஸும் அந்தக் கம்மின் ருசிகள். அறுபதுகளில் மின்சாரம் வந்தது, காசை வாரிக் கொட்ட வயிற்றுக்குள் ஒரு தொட்டி வந்தது. எண்பதுகளில் கம்ப்யூட்டர் வந்ததும் சக்கரங்கள் பொம்மையாகிவிட்டன. கைப்பிடியை இழுத்த கணமே உள்ளே இருக்கிற சில்லு ஓர் எண்ணை எடுத்து முடிவு செய்துவிடும். சுற்றுவதெல்லாம் அதற்கப்புறம் நடக்கிற நாடகம்.

அந்த நாடகத்துக்கு வசனம் எழுதுவது நஞ்சுண்டன் வேலை. சக்கரத்தில் இருபத்திரண்டு இடங்கள். அவன் பட்டியலில் அறுபத்து நான்கு எண்கள்; எந்த எண் விழுந்தால் சக்கரம் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அவன் எழுதுவான். முதல் இரண்டு சக்கரத்தில் மணிக்குத் தாராளமாக அள்ளி வைத்தான். மூன்றாவதில் மணிக்கு ஒரே எண். மணிக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பத்துப் பத்து. அதனால் மணி வரிசையில் நிற்காது. வரிசையை உரசிக்கொண்டு நிற்கும். மூன்றாவது சக்கரம் அரை நொடி தாமதித்து நிற்கட்டும் என்பதும் அவன் யோசனைதான். அதற்குக் கம்பெனியில் கேடயம் கொடுத்தார்கள். கராஜில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி என்று வக்கீல் கையெழுத்தும் உண்டு. அப்பாவும் தராசில் கட்டைவிரல் வைக்கத் தெரிந்தவர்தான். ஆனால் அப்படி வைத்த நாளில் அவருக்குச் சோறு இறங்காது. நஞ்சுண்டனுக்கு நன்றாகவே இறங்கியது.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அக்கா, அது வராது, அதை எழுதினது நான். அவள் காறித் துப்பிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். வியாழன் சொல்லவில்லை. வெள்ளி சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவனே அவளைக் காரில் ஏற்றி, சேனாபதி கடை வாசலில் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

பன்னிரண்டு மணிக்கு, பஸ்ஸோடு போயிருந்த சேனாபதி கேசினோ பே-ஃபோனிலிருந்து கூப்பிட்டார்.

"சார், உங்க சிஸ்டர் எழுந்துக்கவே மாட்டேங்கறாங்க. லஞ்சுக்குக் கூப்பிட்டேன், கேக்கல. கையத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருக்கு. இன்னொண்ணு சார்..." குரலைத் தாழ்த்தினார். "அவங்க காசு எப்பவோ தீந்துபோச்சு. ஆனா ஆடிட்டே இருக்காங்க. நான் பஸ்ஸ பாக்கணும். நீங்களே டிரைவ் பண்ணி வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

மனைவி சாந்தி கோட்டை நீட்டினாள். "ஏனுங்க, நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க. உங்க பேச்சுன்னா உங்கக்காவுக்கு வேதம்."

அதுதான் பயமாக இருந்தது.

பார்க்வே நெடுஞ்சாலையில் கடல் பக்கத்து மூடுபனி ஏறியிருந்தது. பகல் ஒரு மணிக்கு எல்லாக் கார்களும் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. அவன் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகினான். எழுதினது நான். எழுதினது நான்தான்கா. ஹீட்டரின் வறண்ட காற்றில் அது யாரோ சொல்வது போலக் கேட்டது. முதல் சுங்கச் சாவடியில் முப்பத்தைந்து சென்ட்டைப் பிளாஸ்டிக் கூடைக்குள் எறிந்தான். காசு சுழன்று இறங்கியது, பச்சை விளக்கு. இரண்டாவதில் எறிந்தான், பச்சை. மூன்றாவதில் காசு கூடையின் விளிம்பில் பட்டு நின்றது. விழவில்லை. குவார்ட்டர் விளிம்பின்மேல் செங்குத்தாக, மெல்ல, பம்பரம் ஓய்வது போல ஆடி, வெளிப்பக்கம் சாய்ந்தது. சிவப்பு. இன்னொரு குவார்ட்டர் எறிந்தான். வெளியே. பின்னால் ஹார்ன்கள். கையைக் கூடைக்குள்ளேயே விட்டு வைக்கப் போனபோதுதான் கவனித்தான். அவன் கை கூடைக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நீண்டிருந்தது.

சிவப்பிலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

கேசினோவுக்குள் பகலும் இல்லை, இரவும் இல்லை. கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை. சிகரெட்டும் ஈரக் கம்பளமும் வாசனைத் திரவியமும் சேர்ந்து அழுகிய பழக்கடை வாசம். ஆயிரம் மிஷின்கள் ஒரே சுருதியில் கிணுகிணுத்தன. யார் தோற்றாலும் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். சனிக்கிழமைக் கூட்டம் தோளை இடித்தது. ஆனால் அந்த ஒரு வரிசையில் மட்டும் கூட்டம் இல்லை. எட்டு மிஷின்கள். ஏழு முக்காலிகள் காலி. எட்டாவதில் அக்காவின் நீலக் கோட்டு, புடவைக்கடியில் சாந்தியின் பழைய ஸ்னீக்கர்.

கிட்டே போகப் போகச் சத்தம் குறைந்தது. பஞ்சுக்குள் நடப்பது போல. கைப்பிடி இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. சக்கரம் நிற்கும் ஓசை. டக்.

"லாபம்."

டக்.

"ரெண்டு."

அரை நொடி. அவன் வைத்த அரை நொடி. டக்.

மணி, மணி. மூன்றாவது மணி வரிசைக்கு ஒரு நூல் மேலே.

மிஷினின் காசுக் கணக்குக் கட்டத்தில் சுழி இருந்தது. சுழி இருந்தால் கைப்பிடி இறங்காது. பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை அவனே சோதித்திருக்கிறான்.

கைப்பிடி இறங்கியது.

"அக்கா. போலாம் வா."

"வந்துட்டியா சாமி." திரும்பினாள். கண்கள் அவன் முகத்தைத் தாண்டிப் போய் மேலே நின்றன. சால்வையால் வாயைப் பொத்தியிருந்தாள்; சிகரெட் புகைக்காக இருக்கும் என்று நினைத்தான். குரலில் காற்று கலந்திருந்தது. வார்த்தைகள் வழுக்கின. "தராசுக்காரன் வந்துட்டான். இனி நிறுவை சரியாப் போயிரும்."

"சாந்தி காத்துக்கிட்டு இருக்கா. எந்திரிக்கா."

"இருடா. வர்ற நேரம்."

மடியில் கேசினோக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பை. அவள் விரலை விட்டுத் துழாவினாள். கோப்பையில் இருந்தது சத்தம் போட்டது. நஞ்சுண்டன் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவன். கண்ணை மூடிக்கொண்டு காசுச் சத்தத்தில் எட்டணாவையும் நாலணாவையும் பிரித்துச் சொல்வான். இது குவார்ட்டர் இல்லை. பத்து சென்ட் டைமும் இல்லை. உலோகமே இல்லை. சோழி உரசுகிற சத்தம்.

அவள் எதையோ எடுத்தாள். துளைக்குள் போட்டாள்.

அந்தத் துளை தடிமன் பார்க்கும், எடை பார்க்கும், உலோகம் பார்க்கும். பொருந்தாததைக் கீழே தட்டில் துப்பிவிடும்.

துப்பவில்லை. கட்டத்தில் ஒன்று என்று விழுந்தது.

மிஷினின் உச்சியில் விளக்குச் சுழன்றது. காசு சிக்கிக்கொண்டால் சுழலும் விளக்கு. சாவிக்கொத்தோடு டெக்னீஷியன் ஒருவன் வந்தான். மிஷினை இங்கே இறக்கிய அன்று கூட இருந்தவன். நஞ்சுண்டனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மிஸ்டர் நஞ்சுண்டன். கேம் டு விசிட் யுவர் பேபி?"

"யாருடா இவன்?" என்றாள் அக்கா. "உன்னைத் தெரியுமா? என்ன சொல்றான்?"

வாக்கியம் அவன் நாக்கின் நுனியில் இருந்தது. எண்பது மைல் பழகிய வாக்கியம். டெக்னீஷியன் அவன் தோளைத் தட்டினான். அக்காவின் கண்கள் காத்திருந்தன, அவன் நெற்றிக்கு மேலே. எட்டுப் பவுன் சங்கிலி கழற்றிய கழுத்து அவனுக்கு நேராக இருந்தது.

"வழி கேக்கறான்கா."

"ம்." நம்பினாள். எப்போதும் போல. "ஏண்டா, நீ நிறுவை படிச்சவன். பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும். கிட்ட வந்திருச்சா?"

டெக்னீஷியன் சாவியைத் திருகினான்.

எழுதினது நான்.

"கிட்டதான்கா," என்றான் நஞ்சுண்டன்.

அவள் தோள் இறங்கியது. பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் இரும்பு வாசம்.

மிஷினின் கதவு திறந்தது. டெக்னீஷியன் தொட்டியை எட்டிப் பார்த்தான். "ஜஸ்ட் காயின்ஸ்," என்று விசிலடித்துக்கொண்டு குறடு எடுக்கப் போனான்.

கதவு திறந்தே கிடந்தது.

நஞ்சுண்டன் குனிந்தான். உள்ளே சூடாக இருந்தது. ஈரமாகவும். குவார்ட்டர்கள். நடுவே வெள்ளையாக. அரிசி என்று நினைத்தான் முதலில். அரிசி இவ்வளவு பெரிதாக இருக்காது. வேரோடு இருக்காது.

ஐம்பத்திரண்டு வயதிலும் கரும்பை வாயாலேயே உரிக்கிறவள் அக்கா.

கோப்பையைப் பார்த்தான். கோப்பையிலும் கொஞ்சம்.

எண்ணாமல் இருந்திருக்கலாம். மண்டியில் பிறந்த கை. எண்ணப் போனது. தொட்டியில் விட்ட கை தொட்டியைத் தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளிக் காற்றைத் துழாவியது. மறுபடி விட்டான். மறுபடி. கடைசியில் கண்ணாலேயே எண்ணினான். அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருந்தாள், கடைக்கு வந்த சம்சாரி மாதிரி, பொறுமையாக.

சால்வை இறங்கியது.

உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. சிரித்தாள். தம்பி சொல்லிவிட்டான், கிட்டதான் என்று. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாய்க்குள் போயின. தேடின. முதல் முறையாக, ஒரு நூலும் தப்பாமல், மிஞ்சியிருந்த ஒன்றைப் பிடித்தன.

இப்போதாவது சொல்லலாம். அவன் கணக்குப் போட்டான்.

காசு நாற்பது. தொட்டியில் பல் இருபத்தேழு. கோப்பையில் நாலு. ஆக மொத்தம் முப்பத்தொன்று.

வரவேண்டியது ஒன்று.